கதவைத் திறந்து வைக்கும் சனிக்கிழமை

இம்மடலில் நாங்கள் பெரும்பாலும் உணவு, மருந்து, உடற்பயிற்சி, பரிசோதனை ஆகியவற்றைப் பற்றியே எழுதி வருகிறோம். "நோயைப் பற்றி அல்லாத எதையேனும் எழுதலாகாதா?" என்று வார்டில் நீண்ட நாள் தங்கியிருக்கும் துணையாளர்கள் எங்களிடம் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். ஆகையால் இம்முறை பழைய வண்டிகளைப் பற்றி எழுத முனைந்தோம். எழுதி முடித்துப் பார்த்தபோது நோயும் எப்படியோ உள்ளே நுழைந்து அமர்ந்திருந்தது. வாசகர்கள் பொறுத்தருள வேண்டும்.

எங்கள் குழுவில் ஓய்வுபெற்ற தலைமைச் செவிலியர் ஒருவர் இருக்கிறார். சென்ற ஆண்டு கோடையில், மகள் குடும்பத்துடன் சில மாதங்கள் இருந்துவர அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துக்குச் சென்றிருந்தார். மகளின் பக்கத்து வீட்டில் வசிக்கும் முதிய தம்பதியர் ஒரு பழைய டிரெய்லர் வைத்திருக்கின்றனர். டிரெய்லர் என்றவுடன் நமக்கு டிராக்டருக்குப் பின்னால் செங்கல்லும் கரும்பும் ஏற்றிச் செல்லும் வண்டியே நினைவுக்கு வரும். அவர்களுடையது காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் ஒரு சிறு வீடு. ஷாஸ்டா நிறுவனத்தார் 1961-இல் செய்தது. பதினாறு அடி நீளம். பின்புறத்தின் இரு பக்கங்களிலும் பறவைக்கு இருப்பதுபோல் சிறு தகரச் சிறகுகள். அச்சிறகுகளால் யாதொரு பயனும் இல்லை, அழகு ஒன்றுதான். உள்ளே ஓர் அடுப்பு, கைகழுவும் தொட்டி, பகலில் உணவு மேசையாக இருந்து இரவில் படுக்கையாக மாறும் பலகை, பனிக்கட்டி வைத்துக் குளிரூட்டும் பெட்டி ஆகியன இருந்தன. இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் பின்வாங்கித்தான் ஆக வேண்டும்.

இத்தகைய பழைய டிரெய்லர்களை வைத்திருப்போர் வெள்ளி மாலை முதல் ஞாயிறு காலை வரை ஏதேனும் ஒரு முகாம் மைதானத்தில் கூடுவதை அந்நாட்டில் பல மாநிலங்களிலும் காணலாம். வழக்கம் பழையது. 1919-இல் ஃபுளோரிடாவின் டாம்பா நகரத்துப் பூங்கா ஒன்றில் கூடிய பயணிகள் 'டின் கேன் டூரிஸ்ட்ஸ்' என்ற சங்கத்தைத் தொடங்கினர். காரின் முன்புறத்து ரேடியேட்டர் மூடியில் ஒரு தகர டப்பாவைப் பற்றவைத்துக்கொள்வது அவர்களது அடையாளம். வழியில் அந்த டப்பாவைக் கண்டால் நம்மவர் என்று அறிந்து நிறுத்துவார்களாம். அச்சங்கம் பிற்காலத்தில் மெல்ல மறைந்து, 1998-இல் மிச்சிகனைச் சேர்ந்த ஃபாரஸ்ட் போன், ஜெரி போன் என்னும் தம்பதியரால் மீண்டும் உயிர்பெற்றது. டியர்பார்ன் நகரத்தார் மில்ஃபோர்டில் வைத்திருக்கும் முகாம் மைதானத்தில் அவ்வாண்டு கூடினர்.

மருத்துவமனை மடல் என்பதால் இன்னொருவரையும் சொல்லாமல் விட மனமில்லை. டெட்ராய்ட் நகரில் ஆர்தர் ஷெர்மன் என்ற நுண்ணுயிரியல் அறிஞர் இருந்தார். 1920-களின் இறுதியில், சில நிமிடங்களில் விரித்துவிடலாம் என்று சொல்லி விற்கப்பட்ட ஒரு மடக்குக் கூடார வண்டியை வாங்கிக் குடும்பத்துடன் புறப்பட்டார். மழை பிடித்துக்கொண்டது. கூடாரம் விரியவில்லை, அனைவரும் நனைந்தனர். திரும்பி வந்தவர், மடக்க வேண்டிய தேவையே இல்லாத கெட்டியான சுவர் கொண்ட வண்டி ஒன்றைத் தமக்கெனச் செய்வித்தார். பார்த்தவர்களெல்லாம் விலை கேட்டனர். 1930-களின் நடுவில் அவரது 'கவர்ட் வேகன்' நிறுவனமே அந்நாட்டின் மிகப் பெரிய டிரெய்லர் நிறுவனமாக விளங்கியது. மழையில் நனைந்ததால் ஒரு தொழிலே பிறந்திருக்கிறது.

இனி அந்தத் தம்பதியரிடம் வருவோம். பெரியவருக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் பக்கவாதம் வந்தது. வலக்கையும் வலக்காலும் வலுவிழந்தன. அத்துடன் பேச்சும் போயிற்று. இப்போது நான்கு கால் ஊன்றுகோலின் துணையுடன் நடக்கிறார். 'ஆம்', 'இல்லை', மனைவியின் பெயர், ஒரு வசைச்சொல் ஆகிய நான்கு மட்டும் தடையின்றி வருகின்றன. வசைச்சொல் எப்படித் தப்பியது என்று வியக்க வேண்டா. பேச்சிழப்பு உற்றவர்களிடம் யோசித்துச் சொல்ல வேண்டிய சொற்கள் மறைந்து, பழக்கத்தால் வாயில் வரும் சொற்கள் எஞ்சி நிற்பது மருத்துவர்கள் அடிக்கடி காண்பதே.

அதுவரை ஆண்டுதோறும் கூட்டத்துக்குப் போய்வந்தவர்கள், பக்கவாதத்துக்குப் பின் போகவில்லை. வண்டியைக் காரில் பூட்டுவதும் ஓட்டுவதும் இடத்தில் நிறுத்துவதும் பெரியவரின் வேலையாகவே இருந்தன. அம்மையாருக்கு அவற்றில் பழக்கமில்லை. எங்கள் செவிலியர் அம்மா உடன் சென்ற அந்த வாரந்தான் அவர் முதன்முதலாகத் தாமே வண்டியை இழுத்துச் சென்றது.

டிரெய்லர் பூட்டிய காரை முன்னோக்கி ஓட்டுவது அத்தனை கடினமன்று. பின்னோக்கிச் செலுத்துவதுதான் சோதனை. ஸ்டியரிங்கை வலப்புறம் திருப்பினால் டிரெய்லர் இடப்புறம் போகும். பழகியவர்கள் ஒரு வழி சொல்வார்கள்: கையை ஸ்டியரிங்கின் அடிப்பகுதியில் வைத்துக்கொள்ள வேண்டும், டிரெய்லர் எப்பக்கம் போக வேண்டுமோ அப்பக்கம் கையை நகர்த்த வேண்டும். அம்மையார் விடுமுறை நாள்களில் ஒரு பள்ளிக்கூடத்தின் காலியான வண்டி நிறுத்துமிடத்தில் இரண்டு மாதம் இதைப் பயின்றிருக்கிறார். ஆனால் மைதானத்தில் இரு மரங்களுக்கு இடையே, பலரும் பார்த்திருக்க, முதல் முயற்சியிலேயே வண்டி கோணிக்கொண்டது. இரண்டாம் முறையும் அவ்வாறே.

மூன்றாம் முறை அவர் காரிலிருந்து இறங்கி, அக்கம்பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்து உதவி கேட்டார். இதைச் சொல்லும்போது செவிலியர் அம்மா சற்று நிறுத்தினார். இரண்டு ஆண்டுகளாகக் கணவரைத் தனியொருவராகத் தூக்கி, குளிப்பாட்டி, உணவூட்டி வந்த அந்த அம்மையார், பக்கத்து வீட்டில் முப்பது ஆண்டுகள் செவிலியராக இருந்த ஒருவர் தங்கியிருப்பதை அறிந்தும் ஒரு முறைகூட உதவி கேட்டதில்லையாம். வண்டிக்காகக் கேட்டார். நால்வர் வந்தனர். ஒருவர் ஓட்டித் தருவதாகச் சொல்ல, வேண்டா, வழி மட்டும் காட்டுங்கள் என்றார் அம்மையார். அதற்குள் பெரியவர் தம் நாற்காலியைக் காரின் பக்கக் கண்ணாடியில் தாம் தெரியும் இடத்தில் போடச் செய்து, அமர்ந்து, இடக்கையை உயர்த்தினார். கை இந்தப் பக்கம், அந்தப் பக்கம், நில். வந்த நால்வரும் அவர் கையைப் பார்த்தபடி ஒதுங்கி நின்றனர். வண்டி உள்ளே போய்விட்டது.

அதன்பின் ரசமட்டம் வைத்துச் சக்கரத்தின் கீழ்ப் பலகை செருகினர். நம் கொத்தனார் வைத்திருக்கும் அதே ரசமட்டந்தான். இவ்வண்டிகளில் வாயுவால் இயங்கும் குளிர்பெட்டி இருந்தால், வண்டி சமனாக நில்லாதபோது அது சரிவர வேலை செய்யாது. இவர்களுடையது பனிக்கட்டிப் பெட்டி. எனினும் சாய்ந்த தரையில் நடப்பது பெரியவருக்கு ஆபத்து என்பதால் அம்மையார் மூன்று முறை சரிபார்த்தார்.

எங்கள் செவிலியர் அம்மாவின் கண் சும்மா இருக்கவில்லை. வண்டியின் உடன் வந்த ஒற்றைப் படி உயரமாகவும் குறுகலாகவும் இருந்ததால், அகன்ற மரப்படி ஒன்று புதிதாகச் செய்து, கதவருகே உறுதியான கைப்பிடி பொருத்தியிருந்தனர். ஏறும்போது வலுவுள்ள கால் முதலில், இறங்கும்போது வலுவிழந்த கால் முதலில் என்று இயன்முறை மருத்துவர் சொல்லித் தந்தபடியே பெரியவர் ஏறி இறங்கினார். சுவரில் இருந்த பழைய வாயு வெப்பமூட்டியைக் கண்டதும் செவிலியர் அம்மா கவலையுற்றார். புகை வெளியேறக் குழாய் இல்லாத அவ்வகைக் கருவிகள் மூடிய அறையில் கார்பன் மோனாக்சைடை நிரப்பிவிடும். அவ்வாயுவுக்கு நிறமோ மணமோ கிடையாது. தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் என்று தொடங்கும். ஒரே அறையில் இருக்கும் பலருக்கு ஒரே வேளையில் இவை தோன்றினால் உடனே அனைவரும் வெளியேற வேண்டும். அம்மையார் சிரித்து, அக்கருவியின் குழாயைத் துண்டித்துப் பல ஆண்டுகள் ஆயின என்று சொல்லி, கட்டிலருகே பொருத்திய எச்சரிக்கை மணியைக் காட்டினார். ஊட்டியிலோ கொடைக்கானலிலோ குளிருக்கு அறைக்குள் கரியடுப்பு வைத்துக்கொள்ளும் நம் வாசகர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும் என்பதால் சற்று விரித்து எழுதினோம்.

பெரியவருக்கு நீரிழிவும் உண்டு. இன்சுலின் பனிக்கட்டிப் பெட்டியில் இருந்தது. ஆனால் துணியில் சுற்றி ஒரு டப்பாவுக்குள், பனிக்கட்டியைத் தொடாதபடி மேல்தட்டில். பனிக்கட்டியைத் தொட்டு உறைந்துபோன இன்சுலினை உருகவைத்துப் பயன்படுத்தலாகாது, எறிந்துவிட வேண்டியதுதான். வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவைப்பதும் அதே அளவு கேடு.

இரவு கூட்டாஞ்சோறு. ஒவ்வொருவரும் ஒரு பண்டம் சமைத்து வந்து நீண்ட மேசையில் வைப்பார்கள். எங்களவர் எலுமிச்சைச் சாதம் கொண்டுபோனார். பாத்திரம் காலியாகத்தான் திரும்பியது என்று இருமுறை சொன்னார்.

சனிக்கிழமையில்தான் இக்கூட்டங்களின் உயிர் இருக்கிறது. அன்று சில மணி நேரம் வண்டிக்காரர்கள் தத்தம் கதவைத் திறந்து வைப்பார்கள். கோடிட்ட துணியால் சாய்ப்பந்தல் போட்டு, சிறு விளக்குச் சரங்கள் தொங்கவிட்டு, அந்தக் காலத்துத் தட்டும் கோப்பையும் மேசையில் பரப்பியிருப்பார்கள். ஊரார், பிற வண்டிக்காரர்கள், குழந்தைகள் என யார் வேண்டுமாயினும் உள்ளே ஏறிப் பார்க்கலாம். மூடியிருக்கும் கதவைத் தட்டமாட்டார்கள். மூடியிருந்தால் உள்ளே இருப்பவர் ஓய்வெடுக்கிறார் என்று பொருள். இந்த மரியாதை எங்களுக்கு மிகவும் பிடித்திருந்தது. பார்வை நேரத்தில் வார்டுக்கு வரும் உறவினர் சிலரிடமும் சொல்ல நினைக்கிறோம்.

அன்று காலை அம்மையாருக்குத் தயக்கம். கதவைத் திறக்கலாமா, இவரைப் பார்த்து என்ன கேட்பார்கள், என்ன சொல்வது? அவர் அஞ்சியதில் வியப்பில்லை. நம் வீடுகளிலும் நடப்பதுதானே. நோயாளியைப் பார்க்க வருபவர் ஆப்பிளும் ஹார்லிக்ஸ் பாட்டிலும் கையில் வைத்துக்கொண்டு, நோயாளியின் முன்னிலையிலேயே அவர் மனைவியிடம், "இப்ப எப்படி இருக்காரு? சாப்பிடறாரா? பேசறாரா?" என்று கேட்கிறார். மனைவி பதில் சொல்கிறார். கட்டிலில் இருப்பவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அங்கும் இரண்டு ஆண்டுகளாக இதுவே நடந்திருக்கிறது. பழமும் ஹார்லிக்ஸும் இல்லை என்பதைத் தவிர.

பேச்சிழப்பு என்பது அறிவிழப்பு அன்று. சொல்ல வேண்டியது உள்ளே இருக்கும். அதற்குரிய சொல் அகப்படாது. சிலருக்குப் பிறர் பேச்சைப் புரிந்துகொள்வதும் ஓரளவு கடினமாகலாம். உரத்துக் கத்துவதால் பயனில்லை. குறுகிய வாக்கியங்களில், ஒரு நேரத்தில் ஒன்றாகக் கேட்டு, விடைக்குக் காத்திருக்க வேண்டும். படமும் பொருளும் சைகையும் துணைசெய்யும். அவர் தேடும் சொல்லை நாமே முந்திக்கொண்டு சொல்லிவிடாதிருப்பது எல்லாவற்றினும் கடினம். இவற்றையெல்லாம் பேச்சுப் பயிற்சியாளர்கள் துணையாளர்களுக்குச் சொல்லித் தருகிறார்கள். காத்திருக்கத்தான் வீட்டில் ஒருவருக்கும் நேரம் இருப்பதில்லை.

பெரியவர் தாமே எழுந்து சென்று கதவை அகலத் திறந்து கொக்கியில் மாட்டினார்.

முதலில் வந்த ஓர் இளைஞர், வாசலருகே அமர்ந்திருந்த பெரியவரிடம் கேட்டது: "பின்பக்க மூலையில் நீர் இறங்கியிருந்ததா?" அம்மையார் பதில் சொல்ல வாயெடுத்தார். பெரியவர் இடக்கையை உயர்த்தினார். முன்தினம் காரை நிறுத்தச் சொன்ன அதே கை.

அந்த இளைஞர் ஏன் அதைக் கேட்டார் என்பதை விளக்க வேண்டும். இவ்வகை வண்டிகளின் வெளிப்புறம் அலுமினியத் தகடு. உட்புறம் மெல்லிய பிளைவுட். நடுவே மெலிந்த மரச்சட்டங்கள். கூரைத் தகடும் பக்கத் தகடும் சேரும் விளிம்பில், ஐம்பது அறுபது ஆண்டுகளில், பூச்சு காய்ந்து மழைநீர் கசியும். தகடு பளபளவென்றே இருக்கும். உள்ளே மரம் மக்கிக்கொண்டிருக்கும். பழக்கமுள்ளவர்கள் வண்டி வாங்கும்போது வண்ணத்தைப் பார்ப்பதில்லை. உட்சுவரின் மூலைகளைப் பெருவிரலால் அழுத்திப் பார்ப்பார்கள். விரல் அமிழ்ந்தால் நோய் உண்டு. வெளித் தோற்றத்தில் ஒன்றுமில்லை, உள்ளேதான் கோளாறு என்று மருத்துவர் சொல்லக் கேட்ட நம் வாசகர்களுக்கு இது புதிதன்று. செப்பனிட வேண்டுமானால் வெளித்தகட்டைக் கழற்ற வேண்டும்; ஏனெனில் இவ்வண்டிகளைக் கட்டும்போது உள்ளிருந்து தொடங்கி, தகட்டைக் கடைசியில்தான் போர்த்துகிறார்கள். மக்கிய சட்டத்தைத் தூக்கி எறிந்துவிடக் கூடாது. எத்தனை மக்கியிருந்தாலும் அதுவே புதுச் சட்டத்துக்கு அளவு. அதன் வளைவை வரைந்துகொண்டுதான் புதிதை அறுக்க முடியும்.

பெரியவர் இழுப்பறையைத் திறந்து ஒரு பொருளை எடுத்து இளைஞரின் உள்ளங்கையில் வைத்தார். கறுத்து, பஞ்சுபோல் இளகிய ஒரு மரத்துண்டு. பழைய பின்மூலைச் சட்டத்தின் மிச்சம். பிறகு இளைஞரின் பெருவிரலைப் பிடித்துச் சுவரின் மூலையில் வைத்து அழுத்தினார். விரல் அமிழவில்லை. அதன்பின் புகைப்பட ஆல்பம் வந்தது. செப்பனிடுவோர் பலரும் இத்தகைய ஆல்பம் வைத்திருப்பார்கள்: வாங்கிய நாளின் கோலம், தகடு கழன்ற எலும்புக்கூடு, புதுச் சட்டங்கள், புட்டிப் பட்டை ஒட்டிய விளிம்புகள். ஒவ்வொரு படத்திலும் விரல் வைத்து, முகத்தைச் சுளித்தும் புருவத்தை உயர்த்தியும், ஓரிடத்தில் அந்த வசைச்சொல்லைத் தெளிவாகச் சொல்லியும், அவர் முழுக் கதையையும் சொல்லி முடித்தார். இளைஞர் கால் மணி நேரம் நின்று கேட்டார். தம் வண்டியிலும் அதே மூலைதான் என்றார். பக்கவாதத்தைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை என்றுதான் செவிலியர் அம்மா எண்ணுகிறார். அவருக்கு மூலைதான் முக்கியம்.

அன்று மாலை வரை முப்பது நாற்பது பேர் வந்து போயினர். மரத்துண்டு கை மாறிக்கொண்டே இருந்தது. நடுவில் ஒரு மணி நேரம் கதவு மூடப்பட்டது, பெரியவர் உறங்கினார். பக்கவாதத்துக்குப் பின் வரும் களைப்பு சோம்பல் அன்று, அதற்கு ஓய்வு கொடுத்தே ஆக வேண்டும். அம்மையார் அந்நேரத்தில் பத்து வண்டிகளுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். இரண்டு ஆண்டுகளில் அவர் தனியாகக் கழித்த முதல் மணி நேரம் அதுவாக இருக்கலாம் என்றார் எங்களவர்.

இதற்கு நேர்மாறான ஒரு டிரெய்லரும் வரலாற்றில் உண்டு. தனிமைப்படுத்தும் அறையில் இருக்கும் வாசகர்களுக்காக அதையும் சொல்கிறோம். 1969 ஜூலை 24 அன்று நிலவிலிருந்து திரும்பிய ஆம்ஸ்ட்ராங், ஆல்ட்ரின், காலின்ஸ் மூவரையும் ஹார்னெட் என்னும் கப்பலில் ஏற்றியவுடன் அடைத்தது, சக்கரங்கள் நீக்கிய ஓர் ஏர்ஸ்ட்ரீம் டிரெய்லரை மாற்றியமைத்த அறைக்குள்தான். நிலவிலிருந்து கிருமி ஏதேனும் ஒட்டி வந்திருக்குமோ என்ற அச்சம். உள்ளே காற்றழுத்தத்தைக் குறைத்து வைத்திருந்தனர். காற்று உள்ளே போகுமேயன்றி வடிகட்டாமல் வெளியே வாராது. இன்று காசநோய்த் தனியறைகளில் கையாளும் முறையும் இதுவே. ஒரு மருத்துவரும் ஒரு பொறியாளரும் அவர்களுடன் உள்ளேயே தங்கினர். குடியரசுத் தலைவர் நிக்சன் சன்னல் கண்ணாடிக்கு வெளியே நின்றுதான் வரவேற்றார். மனைவியரும் கண்ணாடி வழியாகத்தான் முதலில் கண்டனர். பின்னர் ஹூஸ்டனில் உள்ள ஆய்வகத்துக்கு மாற்றப்பட்டு ஆகஸ்ட் 10 அன்று வெளிவந்தனர். நிலவுக்குச் சென்று திரும்ப எட்டு நாள். அதன்பின் அடைபட்டிருந்தது அதனினும் நீண்டது.

அமெரிக்காவில் பிள்ளைகளுடன் இருக்கும் நம் வாசகர்களுள் எவரேனும் இத்தகைய கூட்டத்துக்குப் போக விரும்பினால் தயங்க வேண்டா; சனிக்கிழமை பார்வையாளராகப் போவதற்கு வண்டி வேண்டுவதில்லை. ஆனால் உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றவர்களும், கீமோதெரபியால் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களும், பூசணம் நாறும் பழைய வண்டிகளுக்குள்ளும் மரம் இழைக்கும் தூசியிலும் நுழையாதிருக்க வேண்டும். பயணம் நீண்டதாயின் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறையேனும் இறங்கிச் சற்று நடக்க வேண்டும். மற்றவற்றை உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்க.

ஞாயிறு காலை அனைவரும் கிளம்பினர். புறப்படுமுன் விளக்குகளைச் சோதிப்பது கட்டாயம்: ஒருவர் காரில் அமர்ந்து ஒவ்வொன்றாகப் போட, இன்னொருவர் பின்னால் நின்று எரிகிறதா என்று சொல்ல வேண்டும். அம்மையார் காரில் அமர்ந்தார். செவிலியர் அம்மா பின்னால் போக, பெரியவரும் ஊன்றுகோலுடன் வந்து நின்றார். பிரேக் விளக்கு எரிந்தது, "ஆம்" என்றார். வலப்புறக் காட்டி எரிந்தது, "ஆம்." இடப்புறம் எரியவில்லை. "இல்லை" என்று மைதானம் முழுதும் கேட்கும்படி சொல்லிவிட்டு, விளக்கின் கண்ணாடியை உள்ளங்கையால் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். எரிந்தது. மூவரும் காரில் ஏறி வாயில்வரை போய்விட்டனர். அந்த மரப்படியைப் புல்லிலேயே விட்டுவிட்டதைக் கண்டு பக்கத்து இடத்துக்காரர்தாம் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்.